கல்லறைச் சுவர் குறித்துத் தமிழக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக ஆயர் பேரவையின் மேதகு பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

நான் வடதமிழகத்துக் கிராமப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பறையர் குலத்தில் பிறந்த கத்தோலிக்கன். இவற்றில் மூன்றாவதைக் கோயிலுக்குள் உரக்கச் சொல்வது அழகல்ல என்று சிறுவயதில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைச் சொன்னால் செல்லாது என்பதை வளர்ந்தபின் நானே தெரிந்துகொண்டேன். இந்த இரண்டு வாய்ப்பூட்டுகளுக்கும் இடையே உள்ள தொடர்பைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழகத்தில் எந்தெந்தப் பங்குகளில் கல்லறைத் தோட்டம் சாதியால் பிரிந்து கிடக்கிறது, எங்கே பிணம் கொண்டுபோகும் தூம்பா வண்டி இரண்டாக இருக்கிறது, எங்கே திருவிழாச் சப்பரம் எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது என்பதை ஆயர் பேரவை தன் பெயரில், தன் கையெழுத்தோடு, ஊர் ஊராக எழுதி வெளியிட வேண்டும். வெளியிட்டபின், வேறு எவரும் வந்து இடிப்பதற்கு முன்னால், அந்தச் சுவர்களை நீங்களே இடிக்க வேண்டும். தில்லியில் எங்களுக்காக நீங்கள் கேட்கும் பட்டியல் சாதித் தகுதி என்ற நீதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது மட்டுமல்ல, இது நடக்காமல் அது கிடைக்காது என்றே நான் நம்புகிறேன்.

என் தகப்பனார் உபதேசியார். பங்குத்தந்தை மாதம் ஒருமுறை மட்டுமே வந்துபோன காலத்தில் மூன்று கிளைப்பங்குகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர், சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் விடியவிடிய அமர்ந்து செபமாலை சொன்னவர், பிள்ளைகளைப் புதுநன்மைக்குத் தயார்செய்தவர் அவர்தான். மேலத்தெருக் குடும்பங்களிலும் அவருக்கு மரியாதை இருந்தது. திண்ணை வரைக்குமான மரியாதை. 1987இல் அவர் இறந்தபோது, பங்கின் பெரிய தூம்பா வண்டியைத் தர முடியாது என்றார்கள். எங்கள் தெருவுக்கென்று ஒரு பழைய வண்டி உண்டு. அதன் ஒரு சக்கரம் சரியாகச் சுற்றாது. அதில் வைத்து, பெரிய தெருவை விட்டுவிட்டு வாய்க்கால் ஓரமாக அவரைக் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால், அவர் கைபிடித்துச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்த எத்தனையோ பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர் இப்பால் கிடக்கிறார். அன்று குழியை மந்திரித்த குருவானவர் நல்ல மனிதர், கண் கலங்கினார். "பொறுத்துக்கொள்ளுங்கள், காலம் மாறும்" என்றார். அதன்பின் பங்குக்கு எட்டுக் குருக்கள் வந்து போய்விட்டார்கள். சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்திருக்கிறார்கள்.

இதை ஒரு குடும்பத்தின் துயரமாக மட்டும் நீங்கள் படிக்கக் கூடாது. நாட்டின் சட்டத்துக்கு எதிரே எங்களுக்கு உள்ள ஒரே சான்று அந்தச் சுவர்தான்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. அதற்கு முன்பு, ஆங்கிலேயர் காலத்து 1936 ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அந்தப் பட்டியலில் வர மாட்டார் என்று எழுதப்பட்டிருந்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. இதனால் இழப்பது கல்வி, வேலைவாய்ப்பு இடங்களை மட்டும் அன்று. தனித்தொகுதிகளில் எங்களால் போட்டியிட முடியாது. சாதியின் பெயரால் எங்களை அடித்தால், எரித்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்குத் துணை வராது. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பல ஊர்களில் எங்களைச் சேரிக்குள் நிறுத்திவைக்கும் சாதிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

இந்தத் தடையை எதிர்த்து முதலில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றவர்களில் ஒருவர், சென்னையில் சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி. அவரோடு அதே தொழில் செய்த இந்துத் தோழர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது, அவருக்கு மறுத்தது. 1985இல் வந்த தீர்ப்பை நான் பல முறை படித்திருக்கிறேன். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, பழைய சமூகத்தில் பட்ட அதே இழிவுகள் புதிய மதச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. செருப்புத் தைக்கும் ஒரு மனிதர் அந்த ஆதாரத்தை எங்கிருந்து கொண்டுவருவார்? அது இருந்ததும் இன்று இருப்பதும் மறைமாவட்ட அலுவலகங்களில்தான்: பங்குகளின் அடக்கப் பதிவேடுகளில், திருவிழா வரி எழுதும் நோட்டுகளில், பங்குத்தந்தையர் தங்கள் ஆயர்களுக்கு எழுதிய கடிதங்களில்.

2004இல் தொடங்கிய மற்றொரு வழக்கு இன்னும் முடிவுக்கு வரவில்லை. 2007இல் நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மூன்றாம் பத்தியை முழுமையாக நீக்க வேண்டும், பட்டியல் சாதி என்ற தகுதியை மதத்தோடு இணைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை. 2022 நவம்பரில் நீதிமன்றத்தில் அளித்த பதிலில், கிறிஸ்தவமும் இஸ்லாமும் சமத்துவ மதங்கள், அங்கே தீண்டாமை இல்லை, ஆகவே அந்த ஆணையில் தவறில்லை என்ற வாதத்தை அரசு முன்வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையத்தையும் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் எங்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்பவர் வேலைக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புக்கு இழைக்கும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எங்கள் தெருக்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: திருமுழுக்குப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. பிள்ளையை எந்தப் பெயரில் பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றோர் என்னிடம் வந்து கேட்டபோதெல்லாம், ஆசிரியராகவும் கத்தோலிக்கனாகவும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

அரசின் வாதம் பொய் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பொய் என்று நிரூபிக்கக்கூடிய நிறுவனம் திருச்சபை ஒன்றுதான். வேறு எவரிடமும் நானூறு ஆண்டுப் பதிவுகள் கிடையாது. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்துத் தில்லியிலும் சென்னையிலும் எங்களோடு தெருவில் நிற்கும் நீங்கள், எங்கள் ஊர்ச் சுவரைப் பற்றிக் கேட்டால் "உள்ளூர்ப் பிரச்சினை, மெதுவாகப் பேசித் தீர்ப்போம்" என்கிறீர்கள். தில்லியில் சாதிக்கொடுமை உண்டு என்று மனுக் கொடுத்துவிட்டு, ஊரில் அதைப் பற்றிப் பேசுகிறவனைக் கலகக்காரன் என்று பார்த்தால், எங்கள் மனுவை எந்த நீதிபதி நம்புவார்?

நம் திருச்சபை இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி காவியும் பூணூலும் அணிந்தார், தமிழும் வடமொழியும் கற்றார், தமிழ் உரைநடைக்குப் பெரும் தொண்டு செய்தார். உயர்சாதியார் கிறிஸ்துவை ஏற்பதற்குச் சாதியை விட வேண்டியதில்லை என்ற அவருடைய அணுகுமுறைக்கு 1623இல் உரோமையும் பெருமளவு இசைவு தந்தது. பின்னாளில் மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று வேறு வகைக் குருக்கள் என ஏற்பாடு நிலைபெற்றது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன், நோயுற்ற பறையர்களின் குடிசைகளுக்குள் சென்று திருவருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று 1704இல் ஆணையிட்டார். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே எங்கள் முன்னோர் எப்படிச் செத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. நாற்பது ஆண்டுகள் வழக்காடியபின் 1744இல் எட்டிய தீர்வு என்ன? பறையர்களுக்கென்று தனிக் குருக்கள். நோயாளியின் குடிசைக்குள் எல்லாக் குருக்களும் நுழைய வேண்டும் என்று தொடங்கியது, நுழைவதற்கென்று சிலரை ஒதுக்கிவைப்பதில் முடிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1745இல், புதுச்சேரிக் கோயிலுக்குள் எங்களையும் மற்றவர்களையும் பிரித்த சுவரைப் பற்றி எழுந்த சச்சரவை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஊரில் நடந்ததைப் பார்த்து எழுதியவர். அந்தச் சுவரை எடுக்கச் சொல்லிப் பெரிய குருவிடம் போய் நின்றவர்கள் எங்கள் பாட்டன்மார்தாம். தலித் கிறிஸ்தவர்களின் உரிமைக் குரலை யாரோ வெளியிலிருந்து அண்மையில் தூண்டிவிட்டதாகச் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நாங்கள் ஏறத்தாழ 280 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சீர்திருத்தத் திருச்சபைகளும் இதில் தப்பவில்லை, ஆனால் அங்கே ஒருவர் பேசினார். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னகத் திருச்சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேற்றுமையை உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிட வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். பெரும்புலவராகிய வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றார். வில்சன் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. அவர் எல்லாவற்றிலும் வென்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆயர் இப்படி எழுதலாம், எழுதிய பிறகும் திருச்சபை உயிரோடு இருக்கும் என்பதை அவர் காட்டினார்.

மதம் எங்களுக்குத் தந்தது இழிவு மட்டும்தான் என்று நான் சொன்னால் அது பெரும் பொய்யாகும். எங்கள் தெருவில் முதலில் எழுத்துக் கூட்டியவர் கோயில் பள்ளியில்தான் கூட்டினார். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியபோது, அதே வட்டாரத்தில் பணிசெய்த மறைப்பணியாளர்கள் தாங்கள் கண்டதை அரசுக்குச் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து 1892இல் எங்கள் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். தென் திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859இல் அரசாணையாக முடிந்ததற்கு, திருமுழுக்குப் பெற்ற பெண்களும் அவர்களோடு நின்ற மறைப்பணியாளர்களும் முக்கியக் காரணம். மதத்தால் அரசையே அசைக்க முடிந்த காலங்கள் அவை. அங்கெல்லாம் திருச்சபை உண்மையைப் பார்த்தது, எழுதியது, அரசின் மேசையில் வைத்தது. வெளியார் செய்த கொடுமையை எழுதிய அந்தக் கை, சொந்த வீட்டுக் கொடுமையை எழுதும்போது மட்டும் ஏன் தயங்குகிறது?

தயங்காத ஒரு முறையும் உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், வேளாளருக்கும் நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கும் என்று இரண்டு நீண்ட கூடங்களாகப் பிரித்துக் கட்டிய கோயில் இருந்தது. இரண்டு கூடங்களும் பீடத்தருகில் மட்டும் கூடும். 1910இல் பங்குத்தந்தை கௌசானல் காலத்தில் அந்தத் தடுப்பு நீக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள். கோயிலுக்குள் சாதிப்படி தனியிடம் வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்போது அரசமைப்புச் சட்டம் இல்லை, தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு இல்லை. ஆயரும் ஒரு பிரெஞ்சுக் குருவும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள், இடிக்க வேண்டும் என்ற முடிவும் இருந்தது. அதற்குப் பின் நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று சட்டம் முழுவதும் உங்கள் பக்கம் இருக்கிறது: 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதையும், இடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது. இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நீதிமன்றம் போக வேண்டியவர்கள் ஆயர்கள் என்பது என் எண்ணம்.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு வடதமிழகத்து எறையூர் நம் கண் முன் இருக்கிறது. தனி இடுகாடு, தனிச் சவவண்டி, பிணம் கொண்டுபோகத் தனி வழி என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுத்திருந்த தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாக வெடித்தது. எங்கள் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். இறந்த இருவரும் வன்னியக் கத்தோலிக்கர்கள். அவர்களுக்காகவும் நான் செபிக்கிறேன். அவர்களைக் கொன்றதில் அந்தச் சுவருக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். மேலத்தெருப் பிள்ளைகளையும் அது வாழவிடவில்லை.

ஏட்டில் எங்களுக்குக் குறையே இல்லை. சமூக நிலையின் அடிப்படையிலான பாகுபாடு கடவுளின் திட்டத்துக்கு எதிரானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லியாயிற்று. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமை சென்றிருந்தபோது, கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி வேற்றுமையின் சாயல் இருந்தால்கூட அது நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உங்களிடமே நேரில் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும் ஒப்புக்கொண்டது. அந்த ஆவணத்தைக் கையில் வாங்கிய அன்று நான் அழுதேன். என் தகப்பனார் காலத்தில் ஒரு குருவானவர் தனிமையில் சொல்லத் தயங்கியதை, ஆயர்கள் அச்சிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த ஒப்புதலில் ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் "நான் பாவம் செய்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவர நீங்கள் எங்களை விடுவதில்லை. எந்தப் பாவம், எத்தனை முறை என்று கேட்கிறீர்கள். நாங்களும் அதைத்தான் கேட்கிறோம்.

உங்களில் பலர் என்ன பதில் சொல்வீர்கள் என்பதை நான் அறிவேன். அன்போடும் அக்கறையோடும்தான் சொல்வீர்கள். சிறுபான்மையினர் மீது வெறுப்பு வளர்க்கப்படும் இந்தக் காலத்தில், நம் வீட்டு அழுக்கை நாமே வெளியே கொட்டினால் எதிரிகளின் கைக்கு ஆயுதம் கொடுத்ததாகும் என்பது ஒன்று. இந்த அச்சம் உண்மையானது. மதமாற்றத் தடைச் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக வருவதையும், செபக்கூட்டங்கள் தாக்கப்படுவதையும் நானும் செய்தியில் பார்க்கிறேன். ஆனால் அந்த ஆயுதம் ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது. "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே சலுகை இல்லை" என்று நீதிமன்றத்தில் சொல்பவர்களே, "கிறிஸ்தவத்திலும் சாதி இருக்கிறதே, எதற்கு மாறினீர்கள்?" என்று தெருவில் எங்களைக் கேட்கிறார்கள். நீங்கள் மௌனமாக இருந்தால் இரண்டு கேள்விகளுக்கும் நாங்கள்தான் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லறை நிலம் சில ஊர்களில் மறைமாவட்டத்தின் பெயரில் இல்லை, புறம்போக்காகவோ ஒரு சாதியார் கொடுத்த நிலமாகவோ இருக்கிறது என்பீர்கள். அந்த இடங்களில் சிக்கல் உண்டு என்பதை ஏற்கிறேன். அவற்றைத் தனியாக எழுதுங்கள். ஆனால் சமய அடக்கச் சடங்கை நடத்துவதும் நடத்தாததும் எல்லா ஊரிலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பிரித்து அடக்கம் செய்யும் தோட்டத்தில் எந்தச் சாதியார் இறந்தாலும் குருவானவர் மந்திரிக்க வர மாட்டார், பொதுத் தோட்டத்தில் எவர் இறந்தாலும் வருவார் என்று ஓர் ஆயர் சுற்றுமடல் எழுதினால், எங்கள் பெரியவர்களும் அந்தத் துயரத்தைச் சேர்ந்தே சுமப்பார்கள்.

சிறுபான்மை உரிமையைப் பற்றியும் ஒரு சொல். அரசமைப்பின் 30ஆம் பிரிவு தரும் உரிமையால் நம் பள்ளிகளும் கல்லூரிகளும் நடக்கின்றன. இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(5)ஆம் பிரிவிலிருந்து சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கும் இருக்கிறது. அந்த உரிமையைக் காக்க நாங்கள் உங்களோடு நிற்போம், நின்றிருக்கிறோம். ஆனால் அரசு, கிறிஸ்தவர் என்பதால் எங்களுக்குப் பட்டியல் சாதி இடம் தராது. நம் நிறுவனங்கள், ஒதுக்கீடு கட்டாயமில்லை என்பதால் தர வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே தலித் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி விண்ணப்பத்தோடு நிற்கிறாள். திருச்சபை தன் எண்ணிக்கையை அரசிடம் சொல்லும்போது அவளையும் சேர்த்தே எண்ணுகிறது. நம் கல்லூரிகள் ஒவ்வொன்றும், எத்தனை தலித் கிறிஸ்தவ மாணவரைச் சேர்த்தது, எத்தனை பேரை ஆசிரியராக அமர்த்தியது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஆணையிடுவதற்கு நீங்கள் எந்த அரசின் அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை.

குருத்துவத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலாக உயர்த்தப்பட்டபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தோம். அதே ஆண்டு புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்ட நியமனத்தை ஒட்டி எங்கள் இளைஞர்கள் கறுப்புக்கொடி பிடித்தார்கள். வந்த பேராயர் மீது அவர்களுக்குத் தனிப்பட்ட பகை இல்லை. பெரும்பான்மை மந்தை எங்களுடையதாக இருக்கும் இடத்தில்கூட மேய்ப்பனை எங்களுக்குள் காண முடியவில்லையா என்ற கேள்விதான் அந்தக் கொடி.

நான் கேட்கும் பட்டியலைத் தயாரிப்பதற்குப் புதிய ஆணையம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பங்குத்தந்தையும் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும்: கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? தூம்பா வண்டி ஒன்றா, இரண்டா? சப்பரம் எல்லாக் கத்தோலிக்கத் தெருக்களுக்கும் போகிறதா? திருவிழா வரியும் உபயமும் எல்லாரிடமும் பெறப்படுகின்றனவா? கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். எங்கள் பணத்தை வாங்க மறுப்பதுதான் எங்களைத் திருவிழாவிலிருந்து விலக்கும் முதல் வழி என்பதை ஊரில் இருப்பவர்கள் அறிவார்கள். பங்குத்தந்தை எழுதியதை அந்தப் பங்கின் தலித் அன்பியங்கள், அதாவது தெருவாரியான செபக் குழுக்கள், படித்துக் கையொப்பமிட வேண்டும். அப்படித் தொகுத்ததை நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று, தலித் விடுதலை ஞாயிறு என்று நீங்களே அறிவித்திருக்கும் அந்த நாளில், எல்லாக் கோயில்களிலும் மறையுரைக்குப் பதிலாக வாசியுங்கள். அதே தொகுப்பின் படி ஒன்றை நீதியரசர் பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உங்கள் முத்திரையோடு அனுப்புங்கள். 1985இல் அந்தச் செருப்புத் தொழிலாளியிடம் நீதிபதிகள் கேட்ட ஆதாரத்தை அவருடைய திருச்சபை அவருக்குக் கொடுத்ததாக அப்போது ஆகும்.

அதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கல்லறைத் திருநாள் வரும். எங்கள் பங்கில் அன்று மாலை, சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் மந்திரித்துவிட்டு, இருட்டும் நேரத்தில்தான் குருவானவர் எங்கள் பக்கம் வருவார். என் தகப்பனாரின் குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நான் காத்திருப்பேன். எனக்கு இப்போது வயது எழுபத்தொன்று. எந்தப் பக்கம் என்னை வைக்கப்போகிறீர்கள் என்பதை உங்களிடமிருந்து எழுத்தில் அறிய விரும்புகிறேன்.

கிறிஸ்துவில் உங்கள் மகன்,
ஓர் உபதேசியாரின் பிள்ளை